தோற்றவரைப் பார்த்துத் தேர்ந்தெடுங்கள்

டபிள்யூடபிள்யூஇ புகழரங்கத்துக்கு ஆட்டங்களைத் தேர்ந்தெடுக்கும் பெரியோர்களுக்கு,

வணக்கம்.

2025 வரை உங்கள் ரெஸ்லிங் புகழரங்கத்தில் ஆட்களுக்குத்தான் இடம் இருந்தது. அந்த ஆண்டு முதன்முறையாக ஓர் ஆட்டத்துக்கே இடம் கொடுத்தீர்கள். ‘இம்மார்ட்டல் மொமன்ட்’ என்று ஒரு பிரிவை உண்டாக்கி, உங்கள் ஆண்டுப் பெருநிகழ்ச்சியான ரெஸில்மேனியாவில், 1997-இல் நடந்த ரெஸில்மேனியா 13-இல், பிரெட் ஹார்ட்டும் ஸ்டோன் கோல்ட் ஸ்டீவ் ஆஸ்டினும் மோதிய மேட்ச்சை அதில் முதலாவதாகச் சேர்த்தீர்கள். அந்தச் செய்தியைப் படித்த அன்று வீட்டில் எல்லோரிடமும் சொன்னேன். யாருக்கும் அது பெரிய செய்தியாக இல்லை. எனக்கு மட்டும் அன்று முழுவதும் மனம் நிறைந்திருந்தது. அதற்கு நன்றி சொல்லத்தான் இந்தக் கடிதத்தைத் தொடங்கினேன். எழுத உட்கார்ந்ததும் ஒரு கோரிக்கையும் சேர்ந்துகொண்டது.

எங்கள் ஊரில் ரெஸ்லிங் எங்களிடம் முதலில் கார்டாகத்தான் வந்தது. பெட்டிக்கடையில் விற்ற டபிள்யூடபிள்யூஎஃப் ட்ரம்ப் கார்டு, அப்போது உங்கள் பெயர் அதுதான். ஒவ்வொரு கார்டிலும் ஒரு ரெஸ்லரின் படம், அதற்குக் கீழே ரேங்க், உயரம், எடை, மார்பளவு, பைசெப்ஸ், போட்ட சண்டை, ஜெயித்த சண்டை. யாருடைய எண் பெரியதோ அவன் மற்றவனுடைய கார்டை எடுத்துக்கொள்ளலாம். ஜெயித்த சண்டை அதிகம் உள்ளவர் பெரிய ரெஸ்லர், அவ்வளவுதான் கணக்கு. கேபிளில் மேட்ச் பார்க்க ஆரம்பித்த பிறகும் அந்தக் கணக்கு என்னை விட்டுப் போகவில்லை. ‘எல்லாம் செட்டப்புடா’ என்று சித்தப்பா சொன்னபோது அவரோடு இரண்டு நாள் பேசவில்லை. பிறகு அவர் சொன்னது உண்மைதான், யார் ஜெயிப்பது என்று முன்பே முடிவு செய்துவிடுகிறார்கள் என்று தெரிந்தபோது, கார்டுக் கட்டைத் தூக்கித் தம்பியிடம் கொடுத்துவிட்டு, பார்ப்பதையே நிறுத்திவிட்டேன்.

என்னைத் திரும்ப அழைத்து வந்தது நீங்கள் தேர்ந்தெடுத்த அதே மேட்ச்தான். கல்லூரி விடுதியில் ஒரு நண்பனின் கம்ப்யூட்டரில் பார்த்தேன். முடிவு எழுதி வைக்கப்பட்டது என்று தெரிந்துதான் பார்த்தேன். ஆனாலும் முடியும்போது எழுந்து நின்றுகொண்டிருந்தேன். அன்று இரவு ஒரு கேள்வி வந்தது. ஜெயிப்பவர் யார் என்று முன்பே முடிவாகிவிட்டால், ஜெயிப்பதில் அவருடைய திறமை என்று என்ன இருக்கிறது? அவருக்குக் கொடுத்தார்கள், வாங்கிக்கொண்டார். மீதி வேலை எல்லாம் தோற்பவர் தலையில்தான். ஒவ்வொரு அடியும் எங்கே வலித்தது, எவ்வளவு நேரம் வலித்தது, எந்த இடத்தில் நம்பிக்கை போனது என்பதை அவர்தான் தன் உடம்பால் நமக்குச் சொல்ல வேண்டும். அவர் ஒழுங்காகத் தோற்றால்தான் ஜெயித்தவருக்கு மரியாதை.

தெருக்கூத்து பார்த்தவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். பதினெட்டாம் நாள் போரில் துரியோதனன் சாவான் என்று ஊர்க் குழந்தைக்கும் தெரியும். ஆனாலும் விடிய விடிய உட்கார்ந்திருக்கிறார்கள். துரியோதனன் வேஷம் கட்டியவர் எப்படி விழுகிறார் என்று பார்த்துவிட்டுத்தான் எழுந்து போவார்கள்.

என் கோரிக்கை இதுதான். இனி ஒவ்வொரு முறை ஓர் ஆட்டத்தைத் தேர்ந்தெடுக்கும்போதும், அதில் தோற்றவர் என்ன செய்தார் என்று முதலில் பாருங்கள்.

உங்கள் புகழரங்கம் பிறந்ததும் தோற்ற ஒருவருக்காகத்தானே. 1993 ஜனவரியில் ஆந்த்ரே தி ஜயன்ட் இறந்தார். அவருக்கு மரியாதை செய்யத்தான் புகழரங்கத்தைத் தொடங்கினீர்கள். அந்த ஆண்டு சேர்க்கப்பட்டவர் அவர் ஒருவர் மட்டும்தான். ஆந்த்ரே என்றதும் உலகம் நினைப்பது 1987 ரெஸில்மேனியா 3-இல் ஹல்க் ஹோகனிடம் அவர் தோற்ற மேட்ச். முதுகில் அறுவை சிகிச்சை செய்து, உடைக்குள் பிரேஸ் கட்டிக்கொண்டு வந்த மனிதர் அவர். தூக்கப்படுகிறவர் மனம் வைக்காமல் அந்த உடம்பை யாராலும் தூக்கிப் போட முடியாது. மேட்ச்சாகப் பார்த்தால் அது மெதுவான, சுமாரான ஒன்றுதான். ஆனால் ஆந்த்ரே அன்று மனமுவந்து கொடுத்த அந்த ஒரு வீழ்ச்சியில்தான் ஹோகன் பல ஆண்டுகள் நின்றார்.

சரி, ரெஸில்மேனியா 13-க்கு வருகிறேன். மார்ச் 23, சிகாகோவை ஒட்டிய ரோஸ்மான்ட் ஹொரைசன் அரங்கு. பட்டம் எதுவும் பணயத்தில் இல்லை. அன்றைய கடைசி மேட்ச்சும் அது இல்லை, அது அண்டர்டேக்கரும் சைக்கோ சிட்டும் மோதிய பட்ட மேட்ச். பிரெட், ஆஸ்டின் மேட்ச்சின் விதி ஒன்றே ஒன்று: யாராவது ஒருவர் ‘விட்டுவிடுகிறேன்’ என்று சொல்ல வேண்டும். எதிராளியின் தோளைத் தரையில் அழுத்தி மூன்று எண்ணி முடிக்க வழியில்லை. நடுவர் கென் ஷாம்ராக். உள்ளே வரும்போது பிரெட் நல்லவர், ஆஸ்டின் கெட்டவர். ஆனால் பிரெட் பல வாரங்களாகத் தனக்கு அநியாயம் நடந்துவிட்டது என்று புலம்பிக்கொண்டிருந்தார். அந்தப் புலம்பல் ரசிகர்களுக்குக் கொஞ்சம் கொஞ்சமாகச் சலித்துக்கொண்டும் வந்தது.

சண்டை ரிங்கை விட்டு இறங்கி ரசிகர்கள் நடுவே போய்த் திரும்பி வருகிறது. பிரெட் ஆஸ்டினின் முழங்காலைக் குறிவைக்கிறார். ரிங் கம்பத்தில் காலைச் சுற்றி முறுக்குகிறார். நாற்காலி வருகிறது. ஆஸ்டினின் நெற்றி கிழிகிறது. இந்த இடத்தில் ஆஸ்டின் செய்வதைக் கவனியுங்கள். காலை ஊன்றும் ஒவ்வொரு முறையும் அந்த முழங்கால் ஞாபகத்தில் இருக்கிறது. தாக்கும்போதுகூட நொண்டுகிறார். வலி அவருடைய உடம்பை விட்டு ஒரு நிமிடமும் போவதில்லை. இன்று பல மேட்ச்களில் பத்து நிமிடம் காலை முறுக்குவார்கள், பதினோராவது நிமிடம் அதே காலால் ஓடிவந்து கயிற்றின் மேல் ஏறிக் குதிப்பார்கள். அப்போது முன்பு பார்த்த பத்து நிமிடமும் வீணாகிவிடுகிறது. ஆஸ்டின் நமக்கு ஒரு நிமிடத்தையும் வீணாக்கவில்லை.

கடைசியில் பிரெட், கால்களை முறுக்கி முதுகை வளைக்கும் ஷார்ப்ஷூட்டர் பிடியைப் போடுகிறார். நெற்றியிலிருந்து வழியும் ரத்தம் பல்லிடுக்கில் நிற்க, ஆஸ்டின் கத்துகிறார். அந்தப் படத்தைப் பார்க்காத ரெஸ்லிங் ரசிகர் இருக்க மாட்டார். ஒருமுறை உடம்பை உந்திப் பிடியை ஏறத்தாழ உடைத்தேவிடுகிறார். பிரெட் மறுபடி இறுக்குகிறார். ஷாம்ராக் கேட்டுக்கொண்டே இருக்கிறார். ஆஸ்டின் ‘விட்டுவிடுகிறேன்’ என்று சொல்லவே இல்லை. நினைவு தப்பி முகம் கீழே சாய்கிறது. மேட்ச் முடிந்தது.

ஜெயித்த பிரெட் மயங்கிக் கிடப்பவரின் காலை மறுபடி தாக்குகிறார். ஷாம்ராக் அவரைப் பிடித்து இழுத்துப் போடுகிறார். பிரெட் வெளியே போகும்போது அரங்கமே அவரைப் பார்த்துக் கூச்சலிடுகிறது. தோற்ற ஆஸ்டின் உதவ வந்த ஒரு நடுவரையும் அடித்துத் தள்ளிவிட்டு, நொண்டிக்கொண்டே தன் காலில் நடந்து போகிறார். அரங்கமே அவர் பெயரைச் சொல்லிக் கத்துகிறது. 22 நிமிடத்தில் நல்லவர் கெட்டவராகவும், கெட்டவர் எல்லோருக்கும் பிடித்தவராகவும் மாறிவிட்டார்கள். இருவரில் யாராவது ஒருவர் ‘நான் இப்படித் தெரியக் கூடாது’ என்று கொஞ்சம் தயங்கியிருந்தாலும் இது நடந்திருக்காது. பிரெட் ஜெயித்துக்கொண்டே தன் நல்ல பெயரைத் தோற்கச் சம்மதித்தார். அதனால் அந்த மேட்ச்சில் தோற்றவர்கள் இரண்டு பேர் என்றுதான் நான் சொல்வேன்.

பிரெட்டைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும். தன்னைச் சிறந்தவர், சிறந்தவராக இருந்தவர், என்றும் சிறந்தவராக இருக்கப்போகிறவர் என்று அறிவித்துக்கொண்டவர் அவர். ஆனால் அவருடைய மிகச் சிறந்த மூன்று மேட்ச்களை எடுத்துப் பார்த்தால் இரண்டில் அவர் தோற்றிருக்கிறார்.

ஒன்று 1992 ஆகஸ்ட் 29, லண்டன் வெம்ப்ளி ஸ்டேடியம். எதிரே பிரிட்டிஷ் புல்டாக் டேவி பாய் ஸ்மித், பிரெட்டின் தங்கை கணவர். உலகப் பட்டத்துக்கு அடுத்த நிலையில் உள்ள இன்டர்கான்டினென்டல் பட்டத்துக்கான அந்த மேட்ச்சைத்தான் அன்று கடைசியாக வைத்தீர்கள். எண்பதாயிரம் பேர் அவர்கள் ஊர்க்காரருக்காக வந்திருந்தார்கள். மேட்ச் தொடங்கிய சிறிது நேரத்திலேயே, பேசி வைத்திருந்த எல்லாம் டேவிக்கு மறந்துபோய்விட்டதாக பிரெட் பின்னாளில் சொல்லியிருக்கிறார். அதற்குப் பிறகு ஒவ்வோர் அடியையும் பிரெட் காதருகே சொல்லிச் சொல்லி நடத்தியிருக்கிறார். இப்போது அதைத் தெரிந்துகொண்டு மறுபடி பாருங்கள். தோற்கப்போகிறவர், ஜெயிக்கப்போகிறவரைக் கைப்பிடித்து அழைத்துப் போகிறார். கடைசியில் பிரெட் காலுக்கடியில் உருட்டப் பார்க்க, டேவி அப்படியே மேலே உட்கார்ந்து அழுத்திவிடுகிறார். ஸ்டேடியம் எழுந்து நிற்கிறது. பிறகு தங்கையும் ரிங்குக்குள் வர, மூவரும் கட்டிப்பிடித்துக்கொள்கிறார்கள். அந்தத் தோல்வியால் பிரெட் சிறிதும் குறைந்துவிடவில்லை. ஒன்றரை மாதத்தில் சஸ்கடூனில் ரிக் ஃப்ளேரை வென்று உலக சாம்பியன் ஆனார்.

இன்னொன்று 1994 மார்ச் 20, மேடிசன் ஸ்கொயர் கார்டன், ரெஸில்மேனியா 10. அந்த நிகழ்ச்சியின் முதல் மேட்ச்சே அண்ணன் தம்பி மேட்ச். ஓவன் ஹார்ட் அண்ணனை எந்தத் திருட்டு வேலையும் இல்லாமல், நடு ரிங்கில், மூன்று எண்ண வைத்தார். அண்ணனின் நிழலிலேயே இருந்த தம்பிக்கு அன்றுதான் தனி முகம் கிடைத்தது. அதே இரவு கடைசியில் பிரெட் யோகோசூனாவை வென்று சாம்பியன் ஆகி மற்றவர்கள் தோளில் உட்கார்ந்திருக்க, ஓவன் தூரத்தில் நின்று பார்த்துக்கொண்டிருப்பார். என் தம்பியோடு உட்கார்ந்து எத்தனையோ முறை அதைப் பார்த்திருக்கிறேன். ஒவ்வொரு முறையும் இருவரும் அந்த இடத்தில் பேச்சை நிறுத்திவிடுவோம். 1999 மே 23 அன்று கன்சாஸ் சிட்டியில், அரங்கின் கூரையிலிருந்து இறங்கும்போது விழுந்து ஓவன் இறந்துபோனார். அவருடைய மனைவிக்கு அவர் பெயர் உங்கள் புகழரங்கத்தில் வருவதில் சம்மதம் இல்லை. அதனால் இந்த மேட்ச்சை நான் உங்களிடம் கேட்கப்போவதில்லை. அந்தக் குடும்பம் மனம் மாறினால் தவிர, நீங்களும் தொடாதீர்கள்.

பிரெட் ரசிகன் என்பதற்காக எல்லாவற்றையும் புகழ மாட்டேன். 1996-இல் ஷான் மைக்கேல்ஸோடு அவர் ஆடிய அறுபது நிமிட அயர்ன் மேன் மேட்ச்சைப் பலர் தலைமேல் வைத்துக் கொண்டாடுகிறார்கள். எனக்கு அதில் கடைசிப் பதினைந்து நிமிடம்தான் பிடிக்கும். நேரம் நீண்டதாலேயே ஒரு மேட்ச் பெரிதாகிவிடாது.

வெம்ப்ளிக்கு முப்பது வருடம் கழித்துத்தான் நீங்கள் பிரிட்டனில் மறுபடி ஒரு ஸ்டேடியத்துக்குப் போனீர்கள். 2022 செப்டம்பர் 3, கார்டிஃப். அங்கும் அதே இன்டர்கான்டினென்டல் பட்டம், குந்தரும் ஷேமஸும். மார்பு சிவந்து கன்றிப்போகும் அளவுக்கு ஒருவரையொருவர் அறைந்துகொண்டார்கள். வேறு எல்லாப் பெரிய பட்டத்தையும் பார்த்துவிட்ட ஷேமஸுக்கு அப்போது அந்த ஒன்றுதான் கைக்கு எட்டாமல் இருந்தது. அன்றும் எட்டவில்லை. தோற்றுத் தனியாக நின்றவருக்கு ஸ்டேடியம் முழுதும் எழுந்து நின்று கைதட்டியது. அவர் முகத்தில் அப்போது வந்ததை யாரும் எழுதிக் கொடுத்திருக்க முடியாது.

ஜான் சீனாவைச் சிறு பிள்ளைகளின் ரெஸ்லர் என்று ஒதுக்குபவர்களில் நானும் ஒருவனாக இருந்தேன். 2011 ஜூலை 17-க்குப் பிறகு இல்லை. அதே ரோஸ்மான்ட் அரங்கு, பெயர் மட்டும் ஆல்ஸ்டேட் அரினா என்று மாறியிருந்தது. சிஎம் பங்க்கின் சொந்த ஊர். சீனா உள்ளே வரும்போது எழுந்த கூச்சலில் வேறு யாராக இருந்தாலும் முகம் வாடியிருக்கும். மேட்ச்சின் கடைசியில் உங்கள் அன்றைய முதலாளி வின்ஸ் மெக்மான் மணியை அடித்து சீனாவை ஜெயிக்க வைக்க ஆளனுப்புகிறார். சீனா பிடியை விட்டுவிட்டு வெளியே இறங்கி, மணியடிக்க வந்தவரை அடித்து, இப்படி ஒரு வெற்றி வேண்டாம் என்று சொல்லிவிட்டு ரிங்குக்குள் திரும்புகிறார். உள்ளே நுழைந்ததும் பங்க் அவரைத் தூக்கி முழங்காலால் அடித்து மூன்று எண்ண வைக்கிறார். சீனா தோற்றது நேர்மையாக இருந்ததால். அதுவரை அவர் ஜெயித்த எல்லாவற்றையும்விட அந்த ஒன்று எனக்கு அவரைக் காட்டிக்கொடுத்தது. 2025 டிசம்பர் 13 அன்று வாஷிங்டனில் தன் கடைசி மேட்ச்சில் அவர் குந்தரிடம், ‘விட்டுவிடுகிறேன்’ என்பதற்கு அடையாளமாகக் கையால் தட்டித் தோற்றபோது ரசிகர்கள் பலருக்குக் கோபம். ‘ஒருபோதும் விட்டுக்கொடுக்காதே’ என்று சட்டையில் எழுதி விற்றவர் எப்படித் தட்டலாம் என்று கேட்டார்கள். போகிறவர் இருக்கிறவருக்குக் கொடுத்துவிட்டுப் போவதுதான் இந்தத் தொழிலின் பழைய வழக்கம். அதை அவர் முகம் சுளிக்காமல் செய்தார். எனக்கு அதில் குறை இல்லை.

அடுத்து நான் சொல்லப்போவது உங்களுக்குப் பிடிக்காமல் இருக்கலாம்.

1998 ஜூன் 28, பிட்ஸ்பர்க். ஹெல் இன் எ செல் என்ற கூண்டு மேட்ச். அண்டர்டேக்கர், மேன்கைண்ட் என்ற பெயரில் ஆடிய மிக் ஃபோலி. 16 அடி உயரக் கூண்டின் மேலிருந்து ஃபோலி கீழே வர்ணனையாளர் மேசை மேல் வந்து விழுந்த அந்தக் காட்சியை நீங்கள் இன்றுவரை எத்தனை விளம்பரத்தில் போட்டிருக்கிறீர்கள். ஸ்ட்ரெச்சரில் கொண்டுபோகப்பட்டவர் எழுந்து மறுபடி மேலே ஏறினார். இரண்டாவது முறை கூண்டின் கூரை உடைந்து உள்ளே விழுந்தது திட்டத்திலேயே இல்லாதது. கூடவே விழுந்த நாற்காலி முகத்தில் பட்டுப் பல் உடைந்தது. அப்புறமும் அந்த மனிதர் சிரித்தார். ஃபோலி மேல் எனக்கு இருக்கும் மரியாதை கொஞ்சநஞ்சமல்ல. ஆனாலும் அதை ‘மேட்ச்’ என்று தேர்ந்தெடுக்காதீர்கள். விழுந்ததற்காக ஒரு மேட்ச்சுக்கு மாலை போட்டால், அடுத்து வரும் இருபது வயதுப் பிள்ளை இன்னும் இரண்டு அடி உயரத்திலிருந்து விழத்தான் பார்க்கும்.

ஜப்பானில் என்ன நடந்தது என்று பாருங்கள். மித்சுஹாரு மிசாவாவும் கெண்டா கோபாஷியும் 2003 மார்ச் 1 அன்று டோக்கியோ புடோக்கானில் ஆடிய மேட்ச்சைவிட உணர்ச்சிகரமான பட்ட மேட்ச்சை நான் பார்த்ததில்லை. ரிங்குக்கு வரும் பாதை மேலிருந்து கோபாஷியை மிசாவா பின்பக்கமாகத் தூக்கித் தரையில் எறிந்தபோது, பார்த்துக்கொண்டிருந்த எனக்குக் கழுத்தில் வலித்தது. கோபாஷி அதிலிருந்து எழுந்து வந்து ஜெயித்தார். தோற்ற மிசாவா, தன் தலைமுறையின் மகுடத்தை எந்தக் குறையும் வைக்காமல் அவர் கையில் கொடுத்தார். ஆனால் அந்த ரெஸ்லர்கள் வருடக்கணக்கில் தலையிலும் கழுத்திலும் விழுந்துகொண்டே இருந்தார்கள். 2009 ஜூன் 13, ஹிரோஷிமாவில் இருவர் இருவராக மோதும் ஒரு டேக் பட்ட மேட்ச்சில், ஆயிரம் முறை வாங்கிய, பின்பக்கமாகத் தூக்கி எறியும் அதே வகை சுப்ளெக்ஸை வாங்கிய மிசாவா எழுந்திருக்கவே இல்லை. 46 வயது. இப்போது அந்தப் பழைய மேட்ச்களைப் போட்டால், ஒவ்வொரு வீழ்ச்சியிலும் என் கண் அவர் கழுத்துக்குத்தான் போகிறது. நன்றாகத் தோற்பது என்பதற்கு உடம்பை உடைத்துக்கொள்வது என்று பொருள் வந்துவிடக் கூடாது. உங்கள் தேர்வு அந்தப் பொருளைக் கொடுத்துவிடக் கூடாது என்று பயப்படுகிறேன்.

உடம்பை உடைக்காமலே நெஞ்சைப் பிசைய முடியும். 2015 ஆகஸ்ட் 22, புரூக்ளினில் நடந்த, உங்கள் இளம் ரெஸ்லர்களுக்கான என்எக்ஸ்டி நிகழ்ச்சியில் சாஷா பேங்க்ஸும் பெய்லியும் அதைக் காட்டினார்கள். பெய்லிக்குக் கையில் ஏற்கெனவே அடி. சாஷா அந்தக் கைக்கட்டைப் பிய்த்துப் போட்டுவிட்டு, விரல்களை மிதிக்கிறார். அவ்வளவுதான். கூரையும் இல்லை, மேசையும் இல்லை. ஒரு கை, ஒரு கால். அரங்கமே துடித்தது. சாம்பியனாக வந்த சாஷாதான் அன்று தோற்றார். ஆனால் அந்தக் கொடுமையை அவர் அவ்வளவு நம்பும்படி செய்யாமல் இருந்திருந்தால், பெய்லி ஜெயித்தபோது அத்தனை பேர் அழுதிருக்க மாட்டார்கள். ஒன்றரை மாதம் கழித்து நடந்த மறுமேட்ச்சில் பெய்லி பழைய கணக்குக்குச் சாஷாவின் கையை மிதிப்பார். முன்னதைப் பார்த்தவர்களுக்கு மட்டும் புரியும் ஒரு பதில் அது. சாஷா இப்போது வேறு பெயரில், வேறு நிறுவனத்தில் ஆடுகிறார். அந்தக் காரணத்துக்காக இந்த மேட்ச்சைத் தள்ளி வைக்காதீர்கள்.

உங்கள் ரிங்குக்கு வெளியே நடந்தவற்றை நீங்கள் தேர்ந்தெடுக்க முடியாது, தெரியும். ஆனாலும் தேர்ந்தெடுக்க உட்காருமுன் 2017 ஜனவரி 4 டோக்கியோ டோம் மேட்ச்சை ஒருமுறை பாருங்கள். கசுச்சிகா ஒகாடாவும் கென்னி ஒமேகாவும் 46 நிமிடம் 45 விநாடி ஆடினார்கள். ஒமேகா தன் பெயர்பெற்ற கடைசி அடியை அன்று ஒருமுறைகூட முழுதாகப் போட முடியாமல் தோற்றார். ஒன்றரை வருடம் கழித்து, 2018 ஜூனில் ஒசாகாவில், அதே அடியால்தான் ஒகாடாவை வென்றார். அன்று கையில் இருந்ததை அவர் மிச்சம் வைத்துத் தோற்றதால்தான் இது முடிந்தது.

அண்டர்டேக்கரும் ஷான் மைக்கேல்ஸும் 2009 ஹூஸ்டனில் ஆடியதைப் பற்றி நான் சொல்லித்தான் ஆக வேண்டும் என்றில்லை, அது என்றாவது ஒருநாள் உங்கள் பட்டியலுக்கு வந்தே தீரும். ஆனால் என்னைக் கேட்டால் அடுத்த வருடம் ஃபீனிக்ஸை ஒட்டிய க்ளென்டேலில் நடந்ததைத்தான் எடுப்பேன். தோற்றால் ஷான் தொழிலை விட வேண்டும் என்ற மேட்ச். கடைசியில் மண்டியிட்டிருந்த ஷான், அடிக்கத் தயங்கி நின்ற அண்டர்டேக்கரின் கன்னத்தில் அறைந்து, தன் முடிவைத் தானே கேட்டு வாங்கிக்கொண்டார்.

இனி நான் உண்மையில் கேட்க வந்ததைக் கேட்கிறேன். ராண்டி சாவேஜ், ரிக்கி ஸ்டீம்போட். 1987 மார்ச் 29, மிச்சிகனில் உள்ள பான்டியாக் சில்வர்டோம். ஆந்த்ரே தோற்ற அதே நாள், அதே ரிங். 93,173 பேர் வந்ததாக நீங்கள் அறிவித்தீர்கள், அந்த எண்ணைப் பற்றி இன்றும் வாதாடுகிறவர்கள் உண்டு. அவர்களில் யாரும் இந்த மேட்ச்சைப் பற்றி வாதாட மாட்டார்கள்.

கதை எளிது. சில மாதம் முன்பு சாவேஜ் ரிங் மணியால் ஸ்டீம்போட்டின் தொண்டையை நசுக்கிவிட்டார். பழிவாங்க வந்திருக்கிறார் ஸ்டீம்போட். மேட்ச் மொத்தம் பதினைந்து நிமிடத்துக்கும் குறைவு. அதற்குள் எத்தனை முறை இரண்டு வரை எண்ணி மூன்று வராமல் போகிறது என்று எண்ணிப் பாருங்கள், எண்ணிக்கை தவறிவிடும். சாவேஜ் இந்த மேட்ச்சின் ஒவ்வோர் அசைவையும் முன்பே காகிதத்தில் வரிசை எண் போட்டு எழுதி வைத்தவர். தொலைபேசியில் ஸ்டீம்போட்டைக் கூப்பிட்டு, இந்த எண்ணுக்கு அடுத்தது என்ன என்று பாடம் கேட்பாராம். ரிங்குக்குள் போய்ப் பேசிப் பேசி ஆடுவதுதான் அந்தக் காலத்து வழக்கம். ஸ்டீம்போட்டுக்கு இந்த முறை புதிது. ஆனாலும் பார்க்கும்போது மனப்பாடம் செய்தது போல எங்கும் தெரியாது. தொண்டையில் கை பட்ட ஒவ்வொரு முறையும் ஸ்டீம்போட் பதறுவது அப்போதுதான் நடப்பது போலவே இருக்கும்.

கடைசியில் நடுவர் கீழே கிடக்க, சாவேஜ் அதே மணியை எடுத்துக்கொண்டு மேல் கயிற்றில் ஏறுகிறார். ஸ்டீம்போட்டுக்குத் துணையாக வெளியே நின்ற ஜார்ஜ் ஸ்டீல் அவரைத் தள்ளிவிடுகிறார். சாவேஜ் எழுந்து ஸ்டீம்போட்டைத் தூக்கப் போக, ஸ்டீம்போட் அப்படியே அவரைச் சுருட்டிப் பிடிக்கிறார். ஒன்று, இரண்டு, மூன்று. எந்த மணியால் ஒருவர் தொண்டையை நசுக்கினாரோ அந்த மணியைத் தேடிப் போனதால்தான் தோற்றார். இதை எழுதியவர் யார்? தோற்ற சாவேஜ். தன் தோல்வியை ஒவ்வொரு வரியாக எழுதி, வரிசை எண் போட்டு, எதிராளிக்கு மனப்பாடம் செய்ய வைத்து, தொண்ணூறாயிரம் பேர் முன்னால் தோற்றுக் கொடுத்திருக்கிறார். அவருடைய ட்ரம்ப் கார்டில் இது ஜெயித்த சண்டைக் கணக்கில் வராது.

சாவேஜ் 2011 மே 20 அன்று இறந்தார். நீங்கள் அவரைப் புகழரங்கத்தில் சேர்த்தது 2015-இல். அவர் சார்பில் மேடையேறிய தம்பி லானி போஃபோவும் 2023-இல் போய்விட்டார். ஜார்ஜ் ஸ்டீல் இல்லை, சாவேஜின் மேலாளராக ரிங்குக்கு வந்த எலிசபெத் இல்லை. அந்த ரிங்கைச் சுற்றி அன்று நின்றவர்களில் ஸ்டீம்போட் இருக்கிறார். 1953-இல் பிறந்தவர், எழுபதைத் தாண்டிவிட்டார். அந்தக் காகிதத்தில் எத்தனையாவது எண்ணில் என்ன இருந்தது, தொலைபேசியில் சாவேஜ் எப்படிக் கேட்டார் என்று மேடையில் நின்று சொல்லக்கூடியவர் அவர் ஒருவர்தான். அவரைச் சீக்கிரம் கூப்பிடுங்கள். அவர் பேசும்போது பக்கத்தில் இன்னொரு நாற்காலி போடுங்கள். அன்றைக்கு மேட்ச் முழுவதையும், பதினைந்து நிமிடத்தையும், ஒரு விநாடிகூட வெட்டாமல் திரையில் போடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு ரசிகன்